சந்திரதாசனின் நேர்த்தி

என் அப்பா பாடமாட்டார். யாழ்ப்பாணத்துக் குருநகரில் இதைச் சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள், காரணம் எல்லோருக்கும் தெரியும். வெளியூர்க்காரர்கள்தான் வாயைப் பிளப்பார்கள். ஏனென்றால் அப்பா ஒரு காலத்தில் சினிமாவில் பாடி நடித்தவர். 'பாடி' என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லவேண்டும் என்று அம்மா என்னைச் சின்ன வயதிலேயே பழக்கியிருந்தாள். வெறும் நடிகர் என்று யாராவது சொன்னால் அவளுக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும்.

அப்பாவின் பெயர் சூசைதாசன். பத்தொன்பது வயதில், கூத்தில் இராசா வேடம் கட்டிய கையோடு, தலைமன்னாரில் கப்பல் ஏறிச் சென்னைக்குப் போனார். அங்கே ஒரு பட முதலாளி, பெயரிலிருந்து சூசையப்பரை இறக்கிவிட்டுச் சந்திரனை ஏற்றினார். சந்திரதாசன். மொத்தம் ஒன்பது படங்கள். முதல் மூன்றில் காவலாளி, பிச்சைக்காரன், கதாநாயகனின் தோழன். ஒவ்வொன்றிலும் இரண்டு வரி பாடவும் கிடைத்தது. நான்காவது படத்தில் அவரே கதாநாயகன், அந்தப் படத்தில்தான் அந்தப் பாட்டு வந்தது.

படம் இப்போது எங்கேயும் இல்லை. பெட்டிகள் எரிந்தனவோ, புழுங்கிக் கிடந்து ஒட்டிப்போயினவோ, ஒருவருக்கும் தெரியாது. பார்த்தவர்களும் ஆளுக்கொன்று சொல்வார்கள். அப்பா தோணியில் நின்று பாடினார் என்பார் ஒருவர். இல்லை, மணலில் படுத்திருந்து பாடினார் என்பார் இன்னொருவர். நிலவு இருந்தது என்பதில் மட்டும் எல்லோருக்கும் சம்மதம். நான் அந்தப் படத்தை ஒருநாளும் பார்த்ததில்லை, ஆனால் மத்தியானத் தூக்கத்தில் நூறு தடவையாவது பார்த்திருப்பேன். என்னிலும் பாதி வயதில் ஒரு மனிதர், கறுப்பும் வெள்ளையுமாக, தண்ணீர்மேல் நடந்துவருவார். வாய் அசையும். சத்தம் மட்டும் கொஞ்சம் பிந்தி வரும்.

அந்தக் கடல்கூடத் துணிதான் என்று அப்பா ஒருமுறை சொன்னார். இரண்டு பக்கமும் நாலு நாலு பேர் குந்தியிருந்து, சாம்பல்நிறத் துணியைப் பிடித்து ஆட்டுவார்களாம். "கடற்கரையிலை பிறந்தவனைக் கொண்டுபோய்த் துணியிலை தோணி விடச்சொன்னவங்கள்" என்று சிரித்தார். அதற்கு மேல் சென்னையைப்பற்றி அவர் வாயிலிருந்து ஒன்றும் கறக்கமுடியாது.

பாட்டு மட்டும் தப்பிவிட்டது. வானொலியில் அது முதன்முதலில் வந்தபோது அம்மாவுக்குப் பதினாறு வயது. குடத்தை இடுப்பில் வைத்தபடி பக்கத்து வீட்டு வேலியடியில் நின்று கேட்டாளாம். 'தோணி வரும் வழியெல்லாம் தூவி வைத்த வெள்ளி, தூங்கும் என்றன் கண்ணிரண்டைத் தொட்டெழுப்பும் கள்ளி.' பாட்டு முடிந்தபிறகும் நின்றாளாம். எட்டு வருடம் கழித்து அந்தக் குரலுக்குச் சொந்தக்காரன் ஊரோடு வந்து, மீனவர் சங்கத்தில் கிளாக்கர் வேலைக்குச் சேர்ந்து, இவளைப் பெண் கேட்டு ஆள் அனுப்பினான். மாப்பிள்ளைக்கு மார்க்கெட் போய்விட்டது, கையில் ஒன்றுமில்லை என்று மாமன்மார் இழுத்தார்கள். மக்டலீன், அதுதான் என் அம்மா, சோறு தின்னாமல் இரண்டு நாள் கிடந்து காரியத்தை முடித்தாள்.

கலியாண வீட்டில் பந்தி முடிந்ததும் சனம் மாப்பிள்ளையைச் சூழ்ந்துகொண்டது. பாடவேண்டும், அதுவும் அந்தப் பாட்டைத்தான் பாடவேண்டும். அப்பா எழும்பி நின்று கைகூப்பிச் சொன்னாராம்: "என்னை மன்னிக்கவேணும். என்ரை தொண்டையிலை ஒரு வருத்தம் வந்து மாதா சுகமாக்கினவ. இனி அவவுக்கு மட்டும்தான் பாடுவன் எண்டு நேர்த்தி வைச்சிட்டன்."

அதோடு கதை முடிந்தது. எங்கள் கரையில் நேர்த்தி என்றால் நேர்த்திதான். அதற்கு எதிராக ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். புகழை மாதாவின் காலடியில் வைத்துவிட்ட மனிதர் என்று அப்பாவுக்கு மதிப்பு இன்னும் கூடியது. தவக்காலம் நாற்பது நாளும் கோயிலில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பசாம் பாடும்போது அவர் குரல் கேட்கும். கரகரப்பான, கனத்த, பாரம் இழுக்கிற குரல். வானொலியில் வருவது இழைபோல மெல்லியது. வயதுபோனால் குரல் மாறாதா என்று ஊர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டது. சாம்பல் புதனுக்கு முதல்நாள்வரையும் உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள்தொட்டும் அப்பா ஊமை.

நேர்த்திக்குக் காவல் இருந்தது அம்மாதான். கிணற்றடியில் குளிக்கும்போது அப்பா தன்னை மறந்து முணுமுணுத்தால், அடுப்படியிலிருந்து ஓடிவந்து தகரக் கதவில் தட்டுவாள். "நேர்த்தி! நேர்த்தி!" அப்பா உடனே நிறுத்திவிடுவார். பள்ளிக்கூட விழாவுக்குப் பாடக் கேட்டு வந்தவர்களை அவள் வேலிப் படலையிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினாள். நானும் வகுப்பில், "எங்கடை அப்பா மாதாவுக்குக் குரலைக் குடுத்தவர்" என்று சொல்லித் திரிந்தேன். என் பெருமைக்கு அளவில்லை.

இதெல்லாம் பழைய கதை. இந்த வருடம் அம்மாவுக்கு எழுபத்தேழு, அப்பாவுக்கு எண்பத்தாறு, எனக்கு ஐம்பத்தொன்று. நான் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு, இன்னும் நேரம் கிடைக்கவில்லை என்று சொல்வேன். மாசியில் அம்மாவின் நெஞ்சில் நீர் கட்டியது. கண்ணிலும் வெண்படலம் விழுந்து, ஆட்கள் புகையாகத்தான் தெரிந்தார்கள். ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்றார்கள். மருந்துக்கடைக்காரிக்கு அதன் அர்த்தத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

யன்னலோரம் கட்டில் போட்டோம். அம்மா அதில் பாதி நித்திரையும் பாதி விழிப்புமாகக் கிடந்தாள். கரையிலிருந்து வருகிற காற்று கட்டிலுக்குமேல் தொங்கிய நுளம்புவலையை மெல்ல ஆட்டும். அவள் அதை அலை என்று நினைத்தாளோ என்னவோ, "தண்ணி வத்துது" என்பாள். சிலவேளை குடத்தை எங்கே வைத்தேன் என்று கேட்பாள். அந்த அறைக்குள் போனால் எனக்கே இது எந்த வருடம் என்று தடுமாறும்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜெனிஸ் சுவாமியார் அவளுக்கு நன்மை, அதாவது நற்கருணை, கொடுக்க வந்தார். எங்கள் பங்குக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத இளம் சுவாமியார். நன்மை வாங்கியதும் அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். குரல் தெளிவாக இருந்தது.

"சுவாமி, நேர்த்தியை அவிழ்க்கேலுமோ?"

"என்ன நேர்த்தி, அம்மா?"

"இவரின்ரை நேர்த்தி. பாட்டு நேர்த்தி. சாகமுந்தி அந்தப் பாட்டை ஒருக்கா நேரிலை கேக்கவேணும். ஐம்பத்திமூண்டு வருசம் பொறுத்திட்டன். மாதா கோவிக்கமாட்டா, நான் கதைச்சிட்டன்."

சுவாமியார் சிரித்தார். பங்குச் சுவாமிக்கு அதற்கு அதிகாரம் உண்டு என்றும், அதற்குப் பதிலாக வேறு ஒரு பக்தி முயற்சி செய்தால் போதும் என்றும் சொன்னார். அப்பாவின் தலையில் கைவைத்து, அந்த இடத்திலேயே நேர்த்தியை நீக்கினார். "அதுக்குப் பதிலாப் பத்துச் செபமாலை சொல்லுங்கோ, ஐயா. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அம்மாவுக்குப் பாடிக் காட்டுங்கோ" என்று நல்ல சேதி சொன்ன சந்தோசத்தில் மோட்டார்சைக்கிளில் ஏறிப் போனார். நான் அப்பாவைப் பார்த்தேன். வலையில் அகப்பட்ட ஆளின் முகம்.

மறுநாள் கடையால் வரும்போது அப்பா இறங்குதுறையடியில் ஒரு கவிழ்த்த வள்ளத்தில் இருந்தார். வெயில் சாய்ந்து, கடல்நீர் முழுக்கப் பித்தளை நிறமாகக் கிடந்தது. சைக்கிளை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருந்தேன்.

"பிள்ளை, அந்தப் பாட்டு நான் பாடினதில்லை" என்றார்.

அவருக்கும் அறிவு தடுமாறத் தொடங்கிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். "எந்தப் பாட்டு?"

"எந்தப் பாட்டு எண்டு கேக்கிற அளவுக்கு என்னட்டை எத்தினை பாட்டுக் கிடக்கு, றொசாந்தி?"

பிறகு எல்லாவற்றையும் சொன்னார், கடலைப் பார்த்தபடியே. இரண்டு மாதம் அந்தப் பாட்டைப் பாடிப் பழகியது அவர்தான். படமெடுக்க நாள் குறித்த வாரத்தில் தொண்டை வீங்கிப் பேச்சே நின்றுபோயிற்று. முதலாளி காத்திருக்கவில்லை. கும்பகோணத்துப் பக்கம் நாடகக் கொம்பனி ஒன்றிலிருந்து ஒரு மெலிந்த மனிதரைக் கூட்டிவந்தார். அவர் ஒரே பகலில் பாடிக் கொடுத்தார். 'பாடி நடிக்கும் சந்திரதாசன்' என்று சுவரெல்லாம் ஒட்டியாயிற்று, ஆகவே இசைத்தட்டிலும் அப்பாவின் பெயரையே போட்டார்கள். அப்பா வாயசைத்தார்.

"அந்த மனிசன் படம் பாக்க வந்தவர். பாத்திட்டு என்ரை கையைப் பிடிச்சு, 'நீங்க எனக்கு நடிச்சீங்களா, நான் உங்களுக்குப் பாடினேனான்னே தெரியலைங்க' எண்டார். அவ்வளவு பொருத்தம். அடுத்த தைக்கு அவர் நெஞ்சு நோய் வந்து செத்துப்போனார். பிறகு வந்த முதலாளிமார் எல்லாரும் அந்தக் குரலைக் கொண்டுவா எண்டு கேட்டினம். நான் எங்கை போவன்? என்ரை குரலைக் கேட்டிட்டு முகத்தைச் சுழிச்சினம். கடைசி அஞ்சு படத்திலையும் எனக்குப் பாட்டில்லை."

"அப்ப நேர்த்தி?"

"கலியாண வீட்டிலை எல்லாரும் பாடு பாடு எண்டு நிக்கினம். உன்ரை கொம்மா என்னைப் பாத்துக்கொண்டு நிக்கிறா, அப்பிடி ஒரு முகத்தோடை. வாயிலை வந்ததைச் சொன்னன்."

எனக்கு வந்த கோபத்தில் அவரை அந்த வள்ளத்தோடு கடலில் தள்ளியிருப்பேன். மாதாவின் பெயரில் ஒரு பொய், அதுவும் அரை நூற்றாண்டாக. நானும் அதை ஊரெல்லாம் காவித் திரிந்திருக்கிறேன். ஆனால் அவர் பயந்துபோயிருந்தார். அவர் பயந்தது எனக்கோ ஊருக்கோ இல்லை. பதினாறு வயதில் வேலியடியில் நின்ற அந்தப் பெண்ணுக்கு.

"கொம்மாவுக்குக் கண் தெரியாது" என்றார் மெல்ல. "உன்ரை போனிலை அந்தப் பாட்டுக் கிடக்கல்லோ? கட்டிலுக்குக் கீழை வைச்சுப் போடு. நான் கிட்ட இருந்து வாயசைக்கிறன். மூச்சுப் படும், நம்பிவிடுவா."

"அப்பா, வெக்கமில்லையே?"

"இருக்கு. ஆனா அவ அந்தப் பாட்டைக் கேட்டிட்டுத்தான் போகவேணும்."

நான் சம்மதித்தேன். வேறு என்ன செய்வது? சாகக் கிடக்கிறவளிடம் உன் கனவு கும்பகோணத்துக்காரருடையது என்று சொல்லவா முடியும்? அந்தப் பாட்டு இணையத்தில் கிடக்கிறது. கீழே ஆட்கள் எழுதியிருப்பதை வாசித்தேன். 'இப்படி ஒரு குரல் இனி வருமா ஐயா' என்று ஒருவர் கேட்டிருந்தார். போனை எறியவேண்டும்போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அப்பா முகம் வழித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, பவுடர் பூசிக்கொண்டு வந்தார். அம்மாவுக்கு நான் தலைசீவி, நீலச் சேலையைப் போர்த்திவிட்டேன். நுளம்புவலையைத் தூக்கிக் கட்டினேன். அது கட்டுக்குள் நிற்காமல் காற்றில் ஆடிக்கொண்டே இருந்தது. யன்னலால் விழுந்த வெளிச்சமும் அதோடு சேர்ந்து ஆடியது, அறை முழுக்கத் தண்ணீர் நிற்கிறமாதிரி. அப்பா கட்டில் ஓரத்தில் இருந்தார். நான் அவர் காலடியில் நிலத்தில், கட்டிலுக்குக் கீழே கையை விட்டு, போனைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். ஒரு விரல் தொடவேண்டியதுதான் பாக்கி.

"பவுடர் மணக்குது" என்றாள் அம்மா. "சினிமாக்காரன் வந்திட்டான்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் விரலைப் போனுக்குக் கிட்டக் கொண்டுபோனேன். அவர் வாயைத் திறந்து, மூடி, பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வேண்டாம். நான் கையை இழுத்துக்கொள்ள முன்னரே அவர் பாடத் தொடங்கிவிட்டார்.

'தோணி வரும் வழியெல்லாம்...' பசாம் பாடுகிற அதே குரல். இரண்டாவது சொல்லில் உடைந்தது, பிறகு தட்டுத்தடுமாறிப் பிடித்துக்கொண்டது. நான் கேட்டு வளர்ந்த பாட்டு நிலாவில் மிதந்து வரும். இது தோணியை மணலில் இழுத்துக்கொண்டு வந்தது. அம்மாவின் விரல்கள் போர்வையின்மேல் தாளம் போட்டன. முகத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குப் பார்க்கப் பயமாக இருந்தது. முதல் சரணம் முடிந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு அடுத்ததற்குப் போனார்.

'வாடியிலே வலை காயும், வாசலிலே நீ காய்வாய்,
வெறுங்கையாய் வந்தவனை வீட்டுக்குள்ளே சேர்ப்பாயோ...'

அம்மாவின் விரல்கள் நின்றன.

"உப்பிடி ஒரு அடி உந்தப் பாட்டிலை இல்லை."

அப்பா நிறுத்தினார். "இருந்தது."

"இல்லை. பதினாறு வயசிலையிருந்து கேக்கிறன். வாடியும் இல்லை, வலையும் இல்லை."

"பாட்டெழுதினவர் என்ரை ஊரைப்பற்றிக் கேட்டவர். கரையிலை ஓலையாலை வாடி போட்டு மீன் காயவிடுறது, வலை போடுறது, எல்லாம் சொன்னன். அதை வைச்சு எனக்கெண்டு எழுதித் தந்தவர். பிறகு வெட்டிப்போட்டினம்." அப்பா மூச்சு எடுத்தார். "இது என்ரை பாட்டு, மக்டலீன். நீ கேட்டது வேறை ஆளின்ரை."

கும்பகோணத்துக்காரரின் கதையை அவளுக்கும் சொன்னார். எனக்குச் சொன்னதைவிடச் சுருக்கமாக, ஒன்றையும் மறைக்காமல். அம்மா கூரையைப் பார்த்தபடி கேட்டாள். இப்போது அழப்போகிறாள், இந்த அழுகையோடு மூச்சும் போய்விடும் என்று நான் பயந்தேன். அவள் குரலைப்பற்றி ஒன்றுமே கேட்கவில்லை.

"அப்ப நேர்த்தி?"

"நேர்த்தி எண்டு ஒண்டு இல்லை."

"பிள்ளை, என்னை எழுப்பி இருத்து."

இருத்தினேன். ஆஸ்பத்திரியால் வந்த நாள்தொட்டுத் தலையைத் தூக்காதவள், முதுகை நிமிர்த்திக்கொண்டு இருந்தாள். புகையாகத் தெரிந்த அப்பாவின் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"குளிக்கேக்கை நீங்கள் முணுமுணுத்தா அடுப்பிலை சட்டியை விட்டிட்டு ஓடிவந்து தட்டினனான். எத்தினை கறி கரிஞ்சிருக்கும்! இவள் பிறந்து மூண்டு மாதம் நித்திரையில்லாமல் கத்தினவள். ஒரு தாலாட்டுப் பாடுங்கோவன் எண்டு வாய்க்குள்ளை வந்ததை விழுங்கினனான், மாதாவோடை வழக்குக்குப் போகக்கூடாதெண்டு. மாதத்து முதல் சனி ஒவ்வொண்டும் மெழுகுதிரி கொளுத்தினனான், இந்த மனிசனுக்கு நேர்த்தி முறியாமல் இருக்கவேணும் எண்டு. குரல் ஆரின்ரையெண்டா எனக்கென்ன? இந்த வீட்டிலை ஒரு பாட்டில்லாமல் வைச்சிருந்தியளே!"

மூச்சு வாங்கியது. நான் முதுகைத் தடவினேன். அப்பா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. தகரக் கதவில் அம்மா தட்டிய சத்தம்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு மனிதர் நீர் சொட்டச்சொட்ட வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார், வெளியே ஒரு மனுசி நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டு திரும்பிப் போயிருக்கிறாள். அவர்கள் இரண்டு பேருக்காகவும் அழுதேன்.

"அழுதது காணும், நிப்பாட்டுங்கோ" என்றாள் அம்மா. "சுவாமி தந்த பத்துச் செபமாலையும் சொல்லத்தான் வேணும். பொய்க்கு."

"சொல்லுறன்."

"இப்ப விட்ட இடத்திலையிருந்து தொடங்குங்கோ. முதலிலை பிள்ளைக்குப் பாடாத தாலாட்டு."

"அவளுக்கு ஐம்பத்தொரு வயசு, மக்டலீன்."

"இருக்கட்டும். எனக்கு நேரமில்லை, வேளைக்குத் தொடங்குங்கோ."

அப்பா முகத்தைச் சேட்டின் கையால் துடைத்தார். கன்னத்தில் பவுடர் கோடு கோடாகக் கரைந்திருந்தது. அம்மாவைப் பழையபடி சாய்த்துவிட்டு, நான் கட்டில் காலோடு முதுகைச் சாய்த்து நிலத்தில் இருந்தேன். கட்டிலுக்குக் கீழே போன் வெளிச்சம் அணைந்து கிடந்தது. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆராரோ என்று எடுத்தார். இரண்டாவது வரியில் என் பெயரை வைத்துப் பாடினார். அம்மாவின் விரல்கள் என் தலையில் மெல்லத் தாளம் போட்டன.